கூலியாள் களி

மிக்கேலம்மாளுக்குப் பொய் சொல்லவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் சொல்கிற பொய்யெல்லாம் ஆட்டுக்குட்டி யார் காட்டில் மேய்ந்தது என்ற அளவோடு நின்றுவிடும். ஒன்றே ஒன்றுதான் அளவு மீறிப் போனது. எண்பத்து மூன்றாம் வருஷம், மகன் அருள்நாதனின் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தியம்மாளின் முகத்துக்கு நேராகச் சொன்னது அது.

மாரண்டஹள்ளி பஸ்ஸில் போய் இறங்கி இரண்டு மைல் நடந்தால் சவரியார்கொட்டாய். முப்பது வீடு, ஒரு சின்ன மாதா கோயில், சுற்றிலும் கேழ்வரகுக் காடு. பெண் வீட்டார் சேலத்து மில் குவார்ட்டர்ஸ்காரர்கள். கோயில் உபதேசியார் கொண்டுவந்த சம்பந்தம். பெண்ணின் அம்மா பெரியநாயகம் இஸ்திரி போட்ட சேலையும் கைக்கடிகாரமுமாக வந்து இறங்கியபோதே மிக்கேலம்மாள் தன் சேலையின் கசங்கலைக் கையால் நீவிவிட்டுக்கொண்டாள்.

பேச்சுவாக்கில் பெரியநாயகம், “எங்க பொண்ணுக்கு இந்தக் கம்பு, களியெல்லாம் பழக்கமில்லீங்க. நாங்க தலமுறையா டவுன்லயே இருந்துட்டோம்,” என்றாள்.

சும்மா தலையாட்டியிருந்தால் தீர்ந்தது. “அட, எங்க வூட்ல மட்டும் யாருங்க களி தின்றா? அது கூலியாளுங்களுக்குக் கிண்டறது. நாங்க மூணு வேளையும் சோறுதான்,” என்றாள் மிக்கேலம்மாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மதலைமுத்துவுக்குப் புரையேறியது. காலையில் அவர் விழுங்கிய இரண்டு உருண்டை களி இன்னும் வயிற்றில் அசையாமல் கிடந்தது. கூலியாள் என்று அந்த வீட்டில் ஒரு ஆளும் கிடையாது. உழுவதும் விதைப்பதும் அறுப்பதும் இவர்கள் இரண்டு பேர்தான்.

அந்தச் சீமையில் களியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி நொய்யை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, தோள் வலிக்க மரத்துடுப்பால் கிண்டி, தண்ணீர் தொட்டு உருட்டி வைத்தால் களி. காலையில் தின்றவன் பொழுது சாயும்வரை பசி என்று வாயைத் திறக்கமாட்டான். தின்பதற்கும் ஒரு முறை உண்டு. கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்கிவிட வேண்டும். மென்றால் பல்லில் அப்பிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும். நிலம் அளக்க வந்த ஆபீசர் ஒருத்தர் அடம்பிடித்துக் கேட்டு வாங்கி, மென்று மென்று கண்ணில் தண்ணீர் விட்டதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. களியை மெல்கிறவர் அசலூர் என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். அந்த ஆபீசர் மாதிரி தானாகக் கேட்டாலொழிய, விருந்தாளி இலையில் களி வைப்பது கிடையாது. சாமியார் வந்தாலும் சம்பந்தி வந்தாலும் சோறுதான். களி வைத்தால், உன் தராதரத்துக்கு இது போதும் என்று சொன்ன மாதிரி.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். மருமகள் ஞானமேரி வந்து சேர்ந்தாள். அருள்நாதனுக்கு ஓசூரில் பேக்டரி வேலை. ஒரே ரூமில் ஐந்து பேராக இருந்தார்கள். வீடு பார்க்கிறவரை பெண்டாட்டி ஊரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவன் வந்து போனான்.

அங்கேதான் பொய்க்கு வேலை வந்தது. களி அடுப்பு சமையற்கட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. விடிவதற்குள் மிக்கேலம்மாள் அங்கே களி கிண்டுவாள். அவளும் புருஷனும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுங்கிவிட்டு, மீதியைத் தூக்குப்போசியில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். மருமகள் கேட்டால், “கூலியாளுங்களுக்குக் கண்ணு.” மகனிடமும் மூச்சு விடாதே என்று சொல்லி வைத்திருந்தாள். வீட்டுக்குள் மூன்று வேளையும் வெள்ளை வெளேரென்று சோறு. கேழ்வரகை மூட்டையாகச் சந்தைக்கு அனுப்பி அரிசியாக மாற்றினாள். தொட்டுக்கொள்ள ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. வாசலில் முருங்கை மரம் கிளை ஒடிய நின்றது. கீரை ஏழைபாழை தின்பது என்று மருமகள் தட்டுப்பக்கமே அதை வரவிடவில்லை. சாப்பிட்ட கையோடு டவுன் வழக்கப்படி ஒரு டம்ளர் டீ.

“சொந்த வூட்ல திருட்டுக்களி தின்ற ஒரே ஆம்பள நாந்தான்டி,” என்றார் மதலைமுத்து. “ராவுல அந்தச் சோத்தத் தின்னுட்டுப் படுத்தா வவுறு கூப்பாடு போடுது.”

“பையன் மானம் போவட்டுமா?”

“பையன் மானம் களியிலயா இருக்குது?”

ஒரு சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் இந்தப் பாவத்தையும் சொல்லிப் பார்த்தாள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அதைச் சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் சோறு வடித்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மிக்கேலம்மாள் வீம்புக்கு மட்டும் இதைச் செய்யவில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. சத்தமில்லாமல் சிரிக்கிற, சொல்லாமலே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற பெண். பெண்பிள்ளை பெறாதவள் மிக்கேலம்மாள். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைத்தான் அவளுக்குப் போட்டாள். உயர்ந்தது சோறு என்று அவள் மனசார நம்பினாள்.

அந்த வருஷமே ஞானமேரி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் பெண் வாடிப்போனாள். கிணற்றுப் படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. கோயிலில் முழங்காலில் இருந்தவள் ஒருநாள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மிக்கேலம்மாளின் நாத்தனார் ஒருத்தி இப்படித்தான் வெளுத்து வெளுத்து, பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு மறுநாளே கண்ணை மூடினாள். அந்த முகத்தை மிக்கேலம்மாள்தான் கழுவினாள்.

மாதம் ஒருமுறை சைக்கிளில் வருகிற நர்ஸ் தீர்த்தம்மாள், ஞானமேரியின் கீழ்இமையை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் பார்க்கச் சொன்னாள். ஏழு என்று வந்தது. பத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

“தெனம் என்ன சாப்புடறா?” என்று கேட்டாள் நர்ஸ்.

“சோறுதாங்க. ரசம், அப்பளம். ஒரு குறையும் வெக்கறதில்லீங்க.”

நர்ஸ் சட்டென்று மிக்கேலம்மாளின் இமையையும் இழுத்துப் பார்த்தாள். “உங்களுக்கு ஐம்பது வயசிருக்குமா? மாதுளம்பழமாட்டம் செவந்து கெடக்குது. நீங்க என்ன சாப்புடறீங்க?”

மருமகள் பக்கத்தில் நின்றாள். “நாங்களும் அதே சோறுதாங்க.”

“ஒரே பானைச் சோத்துல ஒருத்தருக்கு ரத்தம் ஊறுது, ஒருத்தருக்கு வத்துதா? எனக்கு ஒண்ணும் புரியல,” என்றாள் நர்ஸ். சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு, “ரெண்டு மாசத்துல ஏறலேன்னா பிரசவத்துக்கு நான் பொறுப்பில்ல. தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போவணும்,” என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி மிக்கேலம்மாளைத் தூங்கவும் விடவில்லை, வேலை செய்யவும் விடவில்லை. பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். பெரியநாயகத்தின் கைக்கடிகாரம் கண்முன் வந்து நிற்கும். வந்த வார்த்தை உள்ளே போய்விடும்.

இதற்கிடையில் மாட்டுக்கொட்டகையில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. களிப்பானையின் அடியில் பிடித்த காந்தலை ஊறவைத்துத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். கொஞ்ச காலமாகக் காந்தலே இல்லாமல் பானை சுத்தமாக இருந்தது. நாய் நக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் நக்கிவிட்டு மூடி போட்டு வைக்கிற நாயை அவள் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், மறந்துபோன அரிவாளை எடுக்க அவள் காட்டிலிருந்து திரும்பி வந்தாள். கொட்டகை அடுப்போரம் ஞானமேரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் களிப்பானை. கரண்டிக்காம்பால் காந்தலைச் சுரண்டிச் சுரண்டி, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். மாமியாரைக் கண்டதும் பதறி எழுந்தாள். மோவாயில் பழுப்பாகத் துகள் ஒட்டியிருந்தது.

“அத்தே... சும்மா... வாசனைக்கு...”

“எத்தினி நாளா?”

“ரெண்டு மாசமாங்க.”

“கேக்கறதுக்கு என்னாடி?”

ஞானமேரி தலையைக் குனிந்துகொண்டாள். “கூலியாளுங்களுக்குன்னு சொன்னீங்களே அத்தே. பாடுபடறவங்க பங்குல கை வெக்கக் கூடாதுன்னு, காந்தல மட்டும் எடுத்தேன்.”

மிக்கேலம்மாள் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டில், தன் கண்முன்னே, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பசியோடு இருந்திருக்கிறாள். பசியிலும் இல்லாத கூலியாளுக்காகப் பங்கு பார்த்துச் சுரண்டியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் அழுகையாகிவிட்டது.

“கூலியாளு யாருமில்ல கண்ணு. நாந்தான் கூலியாளு. உங்க மாமாதான் கூலியாளு. களி தின்றது நாங்கதான்.”

“எனக்கும் சந்தேகமாத்தாங்க இருந்துச்சு,” என்றாள் ஞானமேரி மெல்ல. “ஆளுங்க எப்ப வர்றாங்க எப்ப போறாங்கன்னே தெரியல.”

அரிவாளை அப்படியே போட்டுவிட்டு மிக்கேலம்மாள் சமையற்கட்டில் உலை வைத்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த அடுப்பில் களி கிண்டினாள். முருங்கைக் கிளையை வளைத்து இரண்டு கை கீரை உருவினாள். கொள்ளு சூடு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று பச்சைப்பயறைக் கடைந்தாள். சூடாக ஒரு உருண்டை வைத்துக் கீரையை ஊற்றியதும், ஞானமேரி கிள்ளி, குழித்து, தோய்த்து, விழுங்கினாள். டவுன்காரப் பெண்ணாக இருந்தாலும் எவ்வளவு கெட்டிக்காரி, மெல்லக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாளே என்று மிக்கேலம்மாள் பூரித்துப் போனாள். கர்வம் ஒருத்தர் கண்ணை எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கை கழுவும்போது ஞானமேரி ஒன்றே ஒன்று கேட்டாள். “எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க அத்தே.”

அதுவும் நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டாள் மிக்கேலம்மாள். பெண்ணுக்குக் களி போடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தம்மாள் என்ன நினைப்பாள்?

அதற்குப் பிறகு சமையற்கட்டு ஒரே அடுப்புக்குத் திரும்பியது. காலையில் களி, மத்தியானம் கொஞ்சம் சோறும் கீரையும் பருப்பும், சாயங்காலம் வறுத்த கடலையும் வெல்லமும். மாத்திரை தவறவில்லை. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதே என்று நர்ஸ் சொன்னதால் அதுவும் தள்ளிப்போனது. மதலைமுத்து திண்ணையில் சாய்ந்து ஏப்பம் விட்டார். “விடுதல கெடச்சாப்புல இருக்குது,” என்றார்.

ஆறாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஒன்பதரை. மிக்கேலம்மாள் நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தீர்த்தம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாள். “அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமில்ல? இனிமேத்தான் பெரிய கண்டம். கடைசி மூணு மாசந்தான் புள்ள தாயோட ரத்தத்த உறிஞ்சும். இந்தச் சாப்பாட்ட நிறுத்துனீங்க, ஏறுனது அத்தனையும் எறங்கிடும். தாய் வூட்டுக்குப் போனாலும் இதேதான் சாப்புடணும்.”

தாய் வீடு. மிக்கேலம்மாள் அதை நினைக்கவே இல்லை. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுவந்து, வளையல் போட்டுப் பெண்ணைச் சேலத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே களியே பழக்கமில்லை என்று பெரியநாயகமே சொல்லியிருக்கிறாள்.

“உங்கம்மாகிட்டக் கேட்டா கிண்டிப் போட மாட்டாங்களா?”

“அங்க கேக்க முடியாதுங்க அத்தே,” என்றாள் ஞானமேரி. ஏன் என்று கேட்டதற்குக் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள்.

கட்டுச்சோற்று நாள் வந்தது. மில் குவார்ட்டர்ஸிலிருந்து பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தக்காளி, எள்ளு, தயிர், சர்க்கரைப்பொங்கல் என்று ஏழு வகைச் சோறு ஏழு அடுக்கில். பெரியநாயகம் அதே கைக்கடிகாரத்தோடு பெண்ணின் கன்னத்தைத் தடவி, “நல்லா தேறிட்டா. உங்க வூட்டு அரிசிச் சோறு ஒத்துக்கிச்சுங்க,” என்றாள்.

மிக்கேலம்மாளுக்கு முகம் எரிந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று விடிந்ததிலிருந்து நினைத்திருந்தாள். கிணற்றடியில் ஒருமுறை வாயெடுத்தாள், அதற்குள் யாரோ தண்ணீர் கேட்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால், யாரும் வராமல் இருந்திருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். ஜபம் முடிந்தது, வளையல் போட்டார்கள், பந்தி உட்கார்ந்தது. இலையில் ஏழு சோறும் ஏழு நிறத்தில் விழுந்தன. அம்மா அள்ளி அள்ளி வைக்க, ஞானமேரி சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். சோறு குவிந்த அந்த இலைக்குப் பின்னால் மிக்கேலம்மாளுக்கு நாத்தனாரின் முகம் தெரிந்தது.

அவள் உள்ளே போனாள். விடியற்காலையில் தங்களுக்காகக் கிண்டிய களி, தணல்மேல் வைத்த பானையில் இன்னும் சூடாறாமல் இருந்தது. விருந்தாளி உட்கார்ந்த பந்திக்கு அந்தப் பானை ஒருநாளும் வந்ததில்லை. அதை இடுப்பிலும் கீரைச்சட்டியைக் கையிலுமாகக் கொண்டுவந்து, சட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு உருண்டையை எடுத்து ஞானமேரி இலையில் வைத்தாள். அடுத்த உருண்டையைப் பெரியநாயகத்தின் இலையில் வைத்து, இரண்டு இலையிலும் கீரையை ஊற்றினாள்.

“களியா?” என்று யாரோ ஒரு பெண் கிசுகிசுத்தாள். மதலைமுத்து தயிர் வாளியோடு அசையாமல் நின்றார்.

“சம்மந்தியம்மா,” என்றாள் மிக்கேலம்மாள். “அன்னிக்கி உங்ககிட்டப் பொய் சொன்னேன். எங்க வூட்ல கூலியாளு இல்ல. களி தின்றது நாங்கதான். பொய்யக் காப்பாத்தறதுக்கு உங்க பொண்ணுக்கு வெறுஞ்சோத்தப் போட்டு ரத்தத்த வத்த வெச்சவ நாந்தான். இதையும் கீரையையும் தின்னுதான் புள்ள எந்திரிச்சு நிக்குறா. கடைசி மூணு மாசமும் இது வேணும்ன்னு நர்ஸம்மா சொல்லியிருக்குது. உங்க வூட்டு வழக்கமில்லன்னு தெரியும். என்னைய எப்படி வேணா நெனச்சுக்குங்க. அவளுக்கு மட்டும் நிறுத்திறாதீங்க.”

பெரியநாயகம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் ஞானமேரி, “அம்மா,” என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

பெரியநாயகம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள். வலது கையைத் தண்ணீரில் நனைத்தாள். களியில் ஒரு ஓரத்தைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, கீரையில் தோய்த்து வாயில் போட்டாள். மிக்கேலம்மாள் அவள் தாடையையே பார்த்தாள். தாடை அசையவில்லை. தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. அடுத்த கவளமும் அப்படித்தான் போனது. அதற்கடுத்ததும்.

முக்கால் உருண்டை முடிந்தபிறகுதான் பெரியநாயகம் வாய் திறந்தாள்.

“கொஞ்சம் எளகலா இருக்குதுங்க. எங்க ஆத்தா இன்னும் கெட்டியா கிண்டும்.” கண்ணைத் துடைக்கக் கை எச்சிலாக இருந்ததால் தோளில் தேய்த்துக்கொண்டாள். “தீர்த்தமலைக்கு இந்தாண்டதாங்க எங்க ஊரு. இவளும் பத்து வயசு வரைக்கும் இதத் தின்னுதான் வளந்தா. குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன அன்னிக்கி, அக்கம்பக்கத்துல பாத்துச் சிரிப்பாங்கன்னு, துடுப்ப அடுப்புல வெச்சு எரிச்சுட்டேன். போற எடத்துல களி பேச்சே எடுக்கக் கூடாதுன்னு இவகிட்டச் சத்தியம் வாங்கி அனுப்பிச்சதும் நாந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. மிக்கேலம்மாள் தன் களியை யாராவது குறை சொன்னால் விடமாட்டாள், அது ஊருக்கே தெரியும். அன்றைக்கோ பானைக்குள் கை விட்டு, கெட்டியான பக்கமாகப் பார்த்து இன்னொரு உருண்டையைச் சம்பந்தியின் இலையில் வைத்தாள்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது ஒரு மூட்டை கேழ்வரகு மாவு, இரண்டு படி பச்சைப்பயறு, வெல்லம் எல்லாம் ஏறியது. கடைசியாக மிக்கேலம்மாள் உள்ளே ஓடிப்போய்த் தன் துடுப்பை எடுத்துவந்தாள். இருபத்தைந்து வருஷம் கிண்டிய துடுப்பு. குவார்ட்டர்ஸில் இறங்கும்போது யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அதைத் தினத்தாளில் சுற்றி, சணலால் கட்டியிருந்தாள்.

பெரியநாயகம் அதை வாங்கினாள். சணலை அவிழ்த்து, தாளை உருவி மிக்கேலம்மாள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.